தம்பியின் வேட்டைக்கு வாப்பா பார்த்த ஆள்

எங்கள் ஊரில் வீடு பெண் பிள்ளைக்கு. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், பெண் எங்கும் போக வேண்டியதில்லை. ராமநாதபுரத்துக்குத் தெற்கே கடலோரத்து முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் இதுதான் வழக்கம். வெளியூர்க்காரர்கள் கேட்டால் "கொடுத்து வைத்தவர்கள்" என்பார்கள். வீட்டோடு சேர்த்து வாப்பாவும் உம்மாவும், அவர்களுடைய சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும், ஆஸ்பத்திரி அலைச்சலும் நம் தலையில் எழுதப்படுவதை யாரும் சொல்வதில்லை. உம்மா மௌத்தான பிறகு அந்தப் பெரிய வீட்டில் நானும் வாப்பாவும்தான். என் வீட்டுக்காரர் துபாயில். என் ஒரே தம்பி அமெரிக்காவில், மலைகள் நிறைந்த ஒரு மாநிலத்தில், கம்ப்யூட்டர் வேலையில். நான் ராமநாதபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், தினமும் பஸ்ஸில் போய் வருகிறவள்.

இன்னொரு வழக்கமும் எங்களுக்கு உண்டு. வெளிநாட்டில் இருக்கிறவனிடம் கெட்ட சேதி சொல்லக் கூடாது. நினைத்தவுடன் ஓடி வர முடியாத தூரத்தில் இருக்கிறவன், சோறு தண்ணி இறங்காமல் தவிப்பான் என்பது காரணம். வீட்டில் என்ன நடந்தாலும் போனில் "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்றுதான் வரும். உம்மா படுத்த படுக்கையாய்க் கிடந்தபோதும் தம்பியிடம் லேசான காய்ச்சல் என்றே சொல்லி வந்தோம். அவன் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து வீட்டில் ஃபாத்திஹா ஓதிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகாவது இந்த வழக்கத்தைத் தூக்கிக் கடலில் போடுவார்கள் என்று நினைத்தேன். யாரும் போடவில்லை.

போன வருடம் வாப்பாவுக்கு நெஞ்சு வலி. மதுரைக்குக் கூட்டிப் போனேன். ரத்தக் குழாயில் அடைப்பு, நெஞ்சைத் திறந்துதான் ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப் போடாதீர்கள் என்றார் டாக்டர். எனக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு கிடைக்காது என்பதால் காலாண்டு விடுமுறையில் தேதி வாங்கினேன். திரும்பி வரும் வழியில் பரமக்குடியில் டீ குடிக்க இறங்கினோம். வாப்பா முதன்முதலாக வாயைத் திறந்தார்.

"தம்பிக்குத் தெரிய வேணாம்."

"வாப்பா, இது காய்ச்சல் இல்ல."

"தெரிஞ்சா அந்தப் புள்ள வேலையப் போட்டுட்டு ஓடியாரும். நீ சொன்னேன்னு வை, நான் ஆஸ்பத்திரிப் படி ஏற மாட்டேன்."

சொன்னால் செய்கிற மனிதர். நான் டீயைக் குடித்தேன்.

அதே வாரத்தில்தான் தம்பியின் வீடியோ கால் வந்தது. வழக்கத்தை விட அதிக நேரம் பேசினான். எல்க் வேட்டைக்குப் போகப் போகிறானாம். எல்க் என்றால் மான் இனம், குதிரை உயரம் இருக்கும், கொம்பு மட்டுமே ஓர் ஆள் அகலம். அங்கே அரசாங்கமே அனுமதிச் சீட்டு கொடுத்து வேட்டையாட விடுகிறது. மலையும் காடும் பழக்கமில்லாதவர்களைக் கூட்டிப் போக அதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. குதிரை, கூடாரம், சமையல், வழிகாட்டி எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒரு வருடத்துக்கு முன்பே எல்லா இடமும் முன்பதிவு ஆகிவிடும் என்றும், சிலர் வராமல் போனதால் மூன்று கம்பெனிகளில் இடம் இருக்கிறது என்றும் சொன்னான்.

"வாப்பா, நீங்க சொல்லுங்க. எது நல்லதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

வாப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். உம்மா போனதிலிருந்து அப்படி ஒரு வெளிச்சத்தை அந்த முகத்தில் நான் பார்க்கவில்லை. அவர் தன் வாழ்நாளில் பாதியைக் கத்தாரில் ஓர் அரபி வீட்டில் டிரைவராகக் கழித்தவர். குளிர்காலம் வந்தால் அந்த அரபி ராஜாளிப் பருந்துகளோடு பாலைவனத்துக்கு வேட்டைக்குக் கிளம்புவார். வண்டி ஓட்டுவது, கூடாரம் அடிப்பது, தண்ணீர் கொண்டுவருவது எல்லாம் வாப்பா. ஊருக்கு வந்தால் அந்தக் கதைகளைத் தவிர அவருக்குச் சொல்ல வேறெதுவும் இருந்ததில்லை. சின்ன வயதில் தம்பி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பான். அப்பனுக்கும் மகனுக்கும் பொதுவாக மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

போனை வைக்கும் முன் தம்பி இன்னொன்றும் சொன்னான். அவனுக்குக் கொஞ்சம் லீவுதான் பாக்கி. மலை அடிவாரத்துப் பண்ணையில் நடத்தும் குறுகிய வேட்டைக்குப் போனால் மிச்ச லீவில், எங்கள் காலாண்டு விடுமுறை வாக்கில், ஊருக்கு ஒரு நடை வந்துவிடலாம். குதிரையில் மலைக்குள் கூட்டிப் போகும் பெரிய வேட்டைக்குப் போனால் இந்த வருடம் ஊர்ப் பக்கம் வர முடியாது. மூன்றாவது கம்பெனி கூடாரத்தை அடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடும், வேட்டையை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். அதை வாப்பா கேட்டவுடனே தள்ளிவிட்டார்.

எனக்குக் கணக்கு புரிந்துவிட்டது. பண்ணையைத் தேர்ந்தெடுத்தால், நாங்கள் எதுவும் சொல்லாமலே, ஆபரேஷன் நாளில் அவன் இங்கே இருப்பான். ஒரு வார்த்தை. வாப்பா ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அதன் பிறகு தினமும் மாலையில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு இதுதான் வேலை. தம்பி அனுப்பிய விவரங்களை வாப்பாவுக்கு ஆங்கிலத்திலிருந்து படித்துச் சொல்ல வேண்டும். பண்ணைக்காரர்களைப் பற்றி, கல்யாணத் தரகர் பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னேன். சுடச்சுடச் சாப்பாடு, மெத்தை, வெந்நீர், ராத்திரி தங்க நல்ல ரூம், கூட வருகிற ஆட்கள் தங்கமானவர்கள். மலைக்காரர்களைப் பற்றி, எவனோ ஒருவன் எழுதியிருந்த குறைகளைத் தேடிப்பிடித்துப் படித்தேன். குதிரை வழுக்கி விழுந்ததாம், குளிரில் விரல் மரத்துப்போனதாம், போன் கூட எடுக்காதாம்.

வாப்பா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தன் கேள்விகளைக் கேட்டார்.

"மலையில தண்ணி எங்கன எடுக்குறாங்களாம்?"

"ஓடையில."

"அடிபட்ட மான் ஓடிருச்சுன்னா?"

"கிடைக்கிற வரைக்கும் தேடுவாங்களாம். விட்டுட்டு வர மாட்டாங்களாம்."

"எறச்சி?"

"கோவேறு கழுதையில ஏத்திக் கொண்டாந்து தருவாங்க. ஒண்ணும் வீணாகாது."

தலையாட்டினார். "சரி. அந்தப் பண்ணையில வேலி இருக்கா?"

எனக்குத் தெரியும், இந்தக் கேள்வி வரும் என்று. "மாட்டுக்குப் போட்ட வேலி இருக்கு. மான் தாண்டி வந்து மேயும். அங்கன வச்சு..."

"வைக்கப்போர்ல ஒளிஞ்சிக்கிட்டுச் சுடுவானுவளாக்கும்." சிரித்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. "இதுக்கு ஆட்டுக்கெடை போதுமே, எதுக்கு அம்புட்டுத் தூரம்?"

அன்றைக்கு என் பொறுமை போய்விட்டது. "அந்தப் பண்ணையச் சொன்னா அவன் இங்கன வருவான், வாப்பா. ஆபரேஷனப்ப பக்கத்துல இருப்பான். உங்களுக்கு அது புரியுதா இல்லையா?" என்று கேட்டேன்.

"புரியாமயா இருக்கேன்?" என்றார். "அவன் கேட்டது வேட்டையப் பத்தி. வேட்டையப் பத்தித்தான் பதில் சொல்லணும். வாரதும் வராததும் அவன் நெனப்பு. வரணும்னு நெனச்சான்னா நான் எதச் சொன்னாலும் வருவான்."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் எவ்வளவு ஆசையோடு சொன்னார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, புதுச் சட்டையைக் கழற்றாமலே தம்பிக்குப் போன் போடச் சொன்னார். மலைக்காரர்களிடமே போ என்றார். குதிரையில் போகும்போது கடிவாளத்தை இறுக்கிப் பிடிக்காதே, சுடும்போது பிஸ்மி சொல்ல மறந்துவிடாதே, அப்போதுதான் இறைச்சி ஹலால் என்றார். பிறகு, சும்மா கேட்பதுபோல், "அப்ப இந்த வருஷம் ஊருக்கு வாரது கஷ்டம்தான், என்ன?" என்று கேட்டார்.

இல்லை வாப்பா, வேட்டை கிடக்கட்டும், நான் வாரேன் என்று அவன் சொல்வதற்கு வேண்டிய இடைவெளியை வாப்பா விட்டிருந்தார்.

"ஆமா வாப்பா, அடுத்த வருஷம் பாப்போம் இன்ஷா அல்லாஹ்" என்றான் தம்பி. குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"இன்ஷா அல்லாஹ்" என்றார் வாப்பாவும். போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

ஆபரேஷன் அன்று தம்பி எங்கோ ஒரு மலையில் போன் எடுக்காத இடத்தில் இருந்தான். கையெழுத்துப் போட ஆண் துணை யாரும் இல்லையா என்று நர்ஸ் கேட்டார். இல்லை என்று சொல்லி நான் போட்டேன். வெளியே நாற்காலியில் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தேன். வாயில் யாசீன், மனசுக்குள் தம்பியின் மேல் சாபம். இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அல்லாஹ் முதலாவதை மட்டும் கேட்டிருக்க வேண்டும், வாப்பா பிழைத்துக்கொண்டார்.

வார்டுக்கு மாற்றிய பிறகு தம்பி மலையிலிருந்து இறங்கி வீடியோ கால் செய்தான். வாப்பா பதறிப்போனார். மாட்டியிருந்த ஆஸ்பத்திரிச் சட்டைக்கு மேல் துண்டைப் போர்த்தச் சொன்னார். ஊசி குத்திய கையைப் போர்வைக்குள் மறைத்தார். கட்டிலின் கம்பி தெரியாதபடி போனைப் பிடிக்கச் சொன்னார். பின்னால் வெள்ளைச் சுவர் மட்டும் தெரிந்தது. "மாடி ரூம். வெள்ளையடிச்சிருக்கு" என்று தம்பி கேட்காமலே சொன்னார்.

தம்பி கொம்பைக் காட்டினான். உண்மையிலேயே ஓர் ஆள் அகலம். பிஸ்மி சொல்லித்தான் சுட்டேன் வாப்பா என்றான். நீங்கள் சொன்ன ஆட்கள் மாதிரி ஆட்களைப் பார்க்கவே முடியாது என்றான். வாப்பா நெஞ்சில் கையை வைத்து, வலியை மறைத்து, மாஷா அல்லாஹ் என்றார். கொஞ்ச நேரத்தில் களைத்துப்போய்க் கண்ணை மூடினார். நான் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன்.

"லாத்தா" என்றான் தம்பி. அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். குரலைத் தாழ்த்தியிருந்தான். "தையல் ஆறிடுச்சா?"

"என்ன தையல்?"

"மச்சான் சொல்லிட்டாரு லாத்தா. எனக்குத் தெரியும்."

மச்சான் என்றால் என் வீட்டுக்காரர். அவரிடம் மட்டும்தான் நான் சொல்லியிருந்தேன். துபாயிலிருந்து அவரே போன் செய்து சொல்லியிருக்கிறார். "எப்பச் சொன்னாரு?" என்று கேட்டேன்.

"நீங்க மதுரைக்குப் போயிட்டு வந்த மறுநாளே."

வாப்பாவிடம் எந்தக் கம்பெனி என்று கேட்பதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் மூன்றையும் அவர் முன்னால் விரித்து வைத்திருக்கிறான்.

"வாப்பா எனக்குத் தெரியக் கூடாதுன்னு நெனக்கிறாங்க. நானா எப்படிக் கேக்குறது? பண்ணையச் சொல்லிருந்தாங்கன்னா, நான் வரணும்னு ஆசப்படுறாங்கன்னு வந்துருப்பேன். அவங்களே மலைக்குப் போன்னாங்க. அப்ப நான் வர வேணாம்னுதானே அர்த்தம்?"

திட்டுவதற்கு என்னிடம் எவ்வளவோ இருந்தது. "போனை வை" என்று மட்டும் சொன்னேன்.

உள்ளே போனேன். வாப்பா விழித்திருந்தார். வராந்தாவில் என் குரல் கேட்டிருக்குமோ என்று பயமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து போர்வையைச் சரிசெய்தேன்.

"அவனுக்கு ஒண்ணும் தெரியாதுல்ல?" என்று கேட்டார்.

"தெரியாது, வாப்பா."

அவர் முகம் தெளிந்தது. "தெரிஞ்சிருந்தா வேட்டையாவது மண்ணாங்கட்டியாவதுன்னு ஓடியாந்திருப்பான்" என்றார்.

"வந்திருப்பான், வாப்பா" என்றேன்.