பத்தாம் வகுப்புக்கு ஒரு காய்ச்சல் கடிதம்

நாற்பத்தொரு வயதில், எட்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் நான் தோற்றேன். பத்துக்கு மூன்று. விடைத்தாளில் பெயர் என் மகள் நித்யாவுடையது என்பதால் விஷயம் வெளியில் தெரியவில்லை. இப்போது நானே சொல்கிறேன்.

இது நடந்தது இரண்டாயிரத்து ஒன்றில். அப்போது பெங்களூருக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. பொம்மசந்திராவில் பம்பு தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசராக இருந்தேன். நட்டும் போல்ட்டும் எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கின்றன என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மனப்பாடம்தான் என் மூலதனம். அதனால், வீட்டில் மகள் படிக்கும் விதத்தைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது. அவள் சத்தமே போடுவதில்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு இதன் பயங்கரம் புரியும். திருப்பத்தூரில் பரீட்சைக் காலத்தில் விடியற்காலை எங்கள் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு ஒரு ரீங்காரம் கேட்கும். ஒரு வீட்டில் சமன்பாடு, அடுத்த வீட்டில் ஆங்கில மனப்பாடப் பகுதி, அதற்கடுத்த வீட்டில் அதே பகுதி, இரண்டு வரி பின்னால். சத்தம் நின்றால் உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வரும். படிப்பு என்பது காதால் கண்காணிக்கக்கூடிய விஷயம். இங்கே பெண் ஜன்னலோரம் புத்தகத்தை வைத்துக்கொண்டு வெளியே பார்க்கிறாள். என்னம்மா செய்கிறாய் என்றால், "யோசிக்கிறேன்பா" என்கிறாள். இங்கிலீஷில் யோசிப்பதற்கு என்ன இருக்கிறது?

எங்கள் காலத்தில் ஆங்கிலப் பாடம் தெளிவாக இருந்தது. எட்டாம் வகுப்பில் எட்டு வரிச் செய்யுள், ஒன்பதாவதில் பன்னிரண்டு, பத்தாவதில் பதினான்கு. வகுப்பு ஏற ஏற வரி ஏறும், வேறொன்றும் ஏறாது. கட்டுரைக்கு எங்கள் வாத்தியார் ஒரு பொதுக் கட்டுரை கொடுத்திருந்தார். "மனித வாழ்வில் இன்னது மிக முக்கியப் பங்கு வகிக்கிறது" என்று தொடங்கி நான்கு பத்தி போகும். 'இன்னது' இருக்கும் இடத்தில் பசு, நூலகம், செய்தித்தாள், ரயில் பயணம் என்று கேள்விக்கு ஏற்பப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். பத்தாம் வகுப்புத் தேர்வில் நான் போட்டது ஒற்றுமை. ஆங்கிலத்தில் பள்ளியிலேயே இரண்டாவது மதிப்பெண். முதல் மதிப்பெண் வாங்கியவனும் அதே கட்டுரைதான் எழுதியிருந்தான், கையெழுத்து இன்னும் அழகு.

எனவே நித்யாவுக்கு 'எங்கள் தெருவில் மழை' என்று எழுதி வரச் சொன்னபோது, அவள் யோசித்துக்கொண்டிருந்ததைப் பொறுக்காமல், பேனாவை அவள் கையில் திணித்து, நான் சொல்லச் சொல்ல எழுதவைத்தேன். இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகும் ஒரு சொல் பிசகவில்லை. மனித வாழ்வில் மழை மிக முக்கியப் பங்கு வகித்தது. விவசாயிகள் மகிழ்ந்தார்கள், குளங்கள் நிரம்பின, நாடு முன்னேறியது. நான்காம் நாள் தாள் திரும்பி வந்தது. மூன்று மதிப்பெண்ணுக்குக் கீழே அவர்களின் ஆங்கில ஆசிரியை பிரேமா மிஸ் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "நல்ல ஆங்கிலம். மழைதான் எங்கும் இல்லை."

அன்று இரவு அந்தத் தாளைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சாப்பிட்டேன். என் மனைவி சாந்தி, "மூணாச்சும் குடுத்தாங்களே" என்றாள்.

ஒன்பதாம் வகுப்பில் அதைவிடப் பெரிய அடி. வாதிடக் கற்றுக்கொடுத்தார்கள். பிள்ளைகளின் படிப்பைப் பெற்றோர் முடிவு செய்யலாமா என்பது தலைப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் நித்யா என்னை நாற்காலியில் உட்காரவைத்து, முடிவு செய்யக்கூடாது என்று ஐந்து காரணம் சொன்னாள். பயந்துபோய்விட்டேன். எழுந்து போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தால், அதே பெண், அதே நாற்காலிக்கு எதிரே நின்று, கட்டாயம் பெற்றோர்தான் முடிவு செய்ய வேண்டும் என்று ஐந்து காரணம் சொன்னாள். அவை என் காரணங்களைவிட நன்றாக இருந்தன. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"இதுல நீ எந்தப் பக்கம்டி?"

"அது மிஸ் சீட்டு எடுத்துக் குடுப்பாங்கப்பா. ரெண்டு பக்கமும் தெரிஞ்சிருக்கணும்."

பத்தாம் வகுப்பில் ஒரு கேள்வி: "கவிஞர் சொல்வதை நீ ஏற்கிறாயா?" ஏற்கவில்லை என்று எழுதி, பக்கம் நிறையக் காரணமும் சொல்லியிருந்தாள். எங்கள் ஊரில் கவிஞரைப் பற்றி அவர் எந்த ஆண்டு பிறந்தார், எந்த ஆண்டு இறந்தார் என்று மட்டும்தான் கேட்பார்கள். நடுவில் அவர் என்ன சொன்னார், அது சரியா என்று செத்துப்போன வெள்ளைக்காரரிடம் வம்புக்குப் போகும் பழக்கம் எங்களுக்கு இல்லை.

இப்படியாகத் தயாரான நிலையில்தான் அந்தக் காய்ச்சல் வந்தது.

அந்தப் பள்ளியில் பத்தாவதுக்குப் பேச்சுத் தேர்வு ஒன்று உண்டு. உனக்கு நேரடியாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி மூன்று நிமிஷம் பேச வேண்டும். இருபது மதிப்பெண், அது இறுதித் தேர்வோடு சேரும். பதினொன்றாவதில் எந்தப் பிரிவு கிடைக்கும் என்பது அந்தக் கூட்டுத்தொகையில் இருந்தது. நித்யா எங்கள் தெரு நாய்களைப் பற்றித் தயாரித்திருந்தாள். எந்தக் கம்பெனி பஸ்ஸை எந்த நாய் துரத்தும், ஏன் துரத்தும் என்று. தேர்வு ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு திருப்பத்தூரில் என் அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசம்.

விசேஷம் ஞாயிறு மத்தியானமே முடிந்துவிட்டது. திங்கள் காலையில் பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் அங்கே ஹாலில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். புது வீடு, புது ஃபேன், நல்ல வெளிச்சம். "எங்க நித்யா இங்கிலீஷ்ல பேசுவா, கேக்கறீங்களா?" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. யாரும் கேட்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். அவள் எழுந்து நின்று நாய்களைப் பற்றி மூன்று நிமிஷம் பேசினாள். எனக்குக் கண் கலங்கியது. அண்ணனின் மாமனார் மட்டும், "பேச்சு சூப்பரு. ஆனா நாயைப் பத்தி எதுக்குப் பேசுது? தலைவருங்கள பத்தி ஒண்ணும் சொல்லித் தரலியா?" என்றார். மறுநாள் என் பழைய வகுப்புத் தோழன் வீடு. அதற்கு மறுநாள் சாந்தியின் சித்தி வீடு.

"நாளைக்கு ஸ்கூல்ல ஓரல் இருக்குப்பா" என்று திங்கள் மாலை நித்யா சொன்னாள்.

"லெட்டர் குடுத்துக்கலாம்" என்றேன்.

லெட்டர் என்றால் எனக்கு ஒன்றுதான் தெரியும். 'காய்ச்சலால் அவதிப்படுவதால் மூன்று நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' ஆறாம் வகுப்பில் கற்றது. அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் எந்தக் காரணத்துக்காக விடுப்பு எடுத்தாலும் காகிதத்தில் காய்ச்சல்தான். கல்யாணத்துக்குக் காய்ச்சல், காதுகுத்துக்குக் காய்ச்சல், நித்யா பிறந்த அன்றும் எனக்குக் காய்ச்சல். நான் மட்டுமில்லை. பொங்கலுக்கு முந்தைய நாள் பொம்மசந்திராவில் பாதித் தொழிற்சாலைக்குக் காய்ச்சல் வரும். எங்கள் கன்னட மேனேஜர் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். "ஏன்ரீ, மத்தெ ஜ்வரானா?" மறுபடியும் காய்ச்சலா என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அது பொய் என்று அவருக்கும் தோன்றியதில்லை, எனக்கும் தோன்றியதில்லை. தபால் தலை ஒட்டுவது மாதிரி ஒரு சம்பிரதாயம்.

புதன்கிழமை அந்தக் கடிதத்தோடு பள்ளிக்குப் போன நித்யா, மாலையில் டைரியை நீட்டினாள். டாக்டர் சர்டிஃபிகேட் கேட்டுப் பள்ளி அலுவலகத்தில் எழுதியிருந்தார்கள். இல்லையென்றால் பேச்சுத் தேர்வுக்குப் பூஜ்யம்.

"அவ்வளவுதானே. தெருமுனை கிளினிக்ல கேட்டா எழுதிக் குடுப்பாரு" என்று சட்டையை மாட்டினேன்.

"வேணாம்பா. பிரேமா மிஸ் எங்க போயிருந்தேன்னு கேட்டாங்க. ஊருக்குப் போயிருந்தோம்னு சொல்லிட்டேன்."

ஒரு கையை மட்டும் சட்டைக்குள் விட்டபடி நின்றேன். "லெட்டர்ல காய்ச்சல்னு இருக்கே."

"நீங்க எழுதினதை நான் படிக்கலப்பா."

"இப்ப யாரு பொய் சொன்னதுன்னு ஆகும்?"

"அதான் மிஸ்ஸும் கேட்டாங்க. அப்பாவை வரச் சொன்னாங்க." பிறகு, அழுகையை அடக்கிக்கொண்டு, "எனக்கு ஜீரோ வரும்" என்றாள். வாதாடத் தெரிந்த பெண் அன்று ஒரு காரணம்கூடச் சொல்லவில்லை. சாந்தி அடுப்படிக்குப் போனாள். குக்கரைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

மறுநாள் காலை பள்ளி வராந்தாவில் நின்று என் ஆங்கிலத்தை ஒத்திகை பார்த்தேன். உள்ளே போனதும் முழு வேகத்தில் ஆரம்பித்தேன். மதிப்பிற்குரிய மேடம், என் மகள் சம்பந்தமாகத் தங்கள் மேலான கவனத்துக்கு. பிரேமா மிஸ் ஐம்பது வயதிருக்கும், பருத்திப் புடவை, கண்ணாடி. இரண்டு வாக்கியம் கேட்டுவிட்டு, கன்னடக்காரர் என்று மூன்று வருஷமாக நான் நினைத்திருந்த அந்த அம்மாள் சொன்னார்:

"தமிழ்லயே சொல்லுங்க சார். நாங்க அல்சூரு. தாத்தா காலத்துல இருந்து இங்கதான் இருக்கோம்."

நியாயமாக எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது திகில். ஏனென்றால், தமிழில் சொல்லலாம் என்று வாயைத் திறந்தபோது, தமிழிலும் என்னிடம் காய்ச்சல்தான் இருந்தது. "லேசா உடம்பு சூடு மேடம்" என்றேன்.

"யாருக்கு?"

"குடும்பத்துக்கே."

அவர் சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார். "பொண்ணு நிஜம் சொல்லிட்டா. ஃபைல்ல இருக்கறது உங்க லெட்டரு. நான் பிரின்சிபாலுக்கு எதைக் காட்டறது? இன்னா நடந்துச்சோ அதை நீங்களே எழுதுங்க. ஃபைலுக்கு இங்கிலீஷ்ல வேணும். பக்கத்து கிளாஸ் காலியா கீது, ஸ்வல்ப டைம் எடுத்துக்கோங்க. இது சரியா வந்தா மறுபடி ஓரல் வெக்கச் சொல்றேன். இல்லன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

காலி வகுப்பில் பெஞ்சில் உட்கார்ந்தேன். முழங்கால் மேஜைக்கடியில் போகவில்லை. ஒரு காலை உள்ளே விட்டு ஒரு காலை வெளியே நீட்டிக்கொண்டேன். பேனாவை வைத்ததும் கை தானாக 'அவதிப்படுவதால்' என்று எழுதப் போனது. நிறுத்தினேன். அடுத்து என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஆங்கிலத்தில் பள்ளியிலேயே இரண்டாவதாக வந்தவன், சொந்தமாக ஒரு வாக்கியம் அதுவரை எழுதியதே இல்லை என்பது ஒரு கரும்பலகையின் எதிரே உட்கார்ந்து எனக்குத் தெரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்த்தேன். அந்த வழியாகப் போன ஆயா, "யாருக்காக வெயிட் பண்றீங்க சார்?" என்றாள். யோசிக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

முக்கால் மணி நேரத்தில் ஆறு வாக்கியம் எழுதினேன். யாருக்கும் காய்ச்சல் இல்லை. நாங்கள் ஊருக்குப் போயிருந்தோம். விசேஷம் ஞாயிறே முடிந்தது. என் மகள் ஆங்கிலம் பேசுவதை என் ஊர்க்காரர்கள் கேட்க வேண்டும் என்று நான்தான் இரண்டு நாள் இருத்திவைத்தேன். அதனால் அவள் ஆங்கிலம் பேச வேண்டிய தேர்வுக்கு வர முடியவில்லை. தேர்வு இருப்பதை அவள் சொன்னாள், நான் கேட்கவில்லை.

பிரேமா மிஸ் நின்றபடியே படித்தார். இரண்டாம் முறை மெதுவாகப் படித்தார். "ஊருக்குன்னு எழுதியிருக்கீங்க. பத்து, பன்னெண்டு வருஷமா இருக்கறது இங்க இல்லியா?"

"இருக்கறது இங்க மேடம். ஊரு அது."

"எங்களுக்கு ரெண்டும் ஒண்ணேதான் சார்" என்று தாளை மடித்துக்கொண்டார். "போயிட்டு வாங்க. அந்த மழைக் கட்டுரைக்கும் சேத்து, எட்டாங்கிளாஸ் பாஸ்."

மறு தேர்வுக்கு அனுமதி கிடைத்தது. அந்த வாரம் தொழிற்சாலையில் அரை நாள் விடுப்புக்கு, 'மகளின் பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது' என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் முதல் முறையாக என் கடிதத்தை முழுவதும் படித்தார். பிறகு நிமிர்ந்து, ஏதாவது பிரச்சினையா என்று அக்கறையாக விசாரித்தார். காய்ச்சலுக்கு ஒருநாளும் விசாரித்ததில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் அந்தக் கடிதத்தைப் பார்த்திருந்தால் எனக்குத் திமிர் ஏறிவிட்டது என்றிருப்பார்கள். பெங்களூரில் அதையே பார்த்து எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்றார்கள்.

தேர்வு முடிந்து வந்த நித்யா தட்டில் கவனமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"நாய் நல்லாப் பேசினியா?" என்றேன்.

"நாயைப் பேசலப்பா. அதை ஊர்லயே மூணு தடவை பேசிட்டேன், மனப்பாடம் மாதிரி ஆயிடுச்சு. உங்களப் பத்திப் பேசினேன். அந்தக் காய்ச்சல் லெட்டர், மழைக் கட்டுரை, எல்லாம்."

எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தேன். "பிரேமா மிஸ் என்ன சொன்னாங்க?"

"அவங்க இல்ல. வேற ஸ்கூல்ல இருந்து ஒரு மிஸ் வந்திருந்தாங்க. இருபதுக்குப் பதினேழு."

"மூணு மார்க் எங்க போச்சு?"

நித்யா அம்மாவைப் பார்த்தாள். சாந்தி ரசத்தைப் பார்த்தாள்.

"பேச்சு நல்லா இருக்காம்பா. ஆனா நேரடியாத் தெரிஞ்சதைப் பத்திப் பேசணுமாம், கற்பனை பண்ணக் கூடாதாம். இப்படி ஒரு அப்பா இருக்க முடியாதுன்னுட்டாங்க."