யானைக் காசுக்குத் தரம் எழுதியவர்கள்

பழைய நாணயம் விற்கும் தொழிலில் போலிக் காசு அவ்வளவு அச்சம் தருவதன்று. எடை பார்த்தும் ஓரம் பார்த்தும் அதனைக் கண்டுகொள்ளலாம். அஞ்சத்தக்கது, ‘இது மெய்’ என்று முன்பின் அறியாத எவரோ எழுதி ஒட்டிய கடதாசிதான்.

கண்டியில் ஒரு குறுக்குத் தெருவில், மருந்துக் கடையின் மேல்மாடியில், நவ்ஃபல் நானாவும் நானும் கூட்டாக இக்கடையை நடத்துகிறோம். அவர் பிறப்பிலேயே வணிகர். நான் பாடசாலையில் நெடுங்காலம் இலக்கணம் கற்பித்துவிட்டு வந்தவள். காசை ஆராய்ந்து, ஒன்று முதல் எழுபது வரை தரம் இட்டு, கண்ணாடி போன்ற கடினமான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து ஒட்டி, சான்றுச் சீட்டும் பதித்துத் தருவதற்கென்றே நிறுவனங்கள் உண்டு. அப்பெட்டியைத் தொழிலில் ‘ஸ்லாப்’ என்பர். நெடுநாள் பெயர் பெற்ற நிறுவனங்கள் சில. அவற்றின் பெட்டியைக் கண்டால் நெஞ்சு பதறாது. பெயரே கேள்விப்படாதவை பல. அவற்றின் பெட்டியோடு எவரேனும் படியேறி வரும் ஓசை கேட்டால் என் உள்ளங்கை வியர்க்கும். இதனைப் படிக்கும் சேகரிப்பாளர்களே, விற்பனையாளர்களே, உங்கள் உள்ளங்கையும் அப்படித்தான் என்பதை அறிவேன்.

கலகெதரப் பெரியவர்

கலகெதரையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், ஸ்லாப் ஒன்றை என் மேசைமீது வைத்துவிட்டு, கதிரையில் சாய்ந்து புன்னகைத்தார். உள்ளே இருந்தது அண்மைக் காலத்து நினைவு நாணயம். சீட்டில் எழுபதுக்கு எழுபது என்றிருந்தது. குறை ஒன்றும் இல்லாத காசுக்கே அந்த எண் உரியது. இதிலோ, வெறுங்கண்ணுக்கே தெரியும்படி நடுவில் ஒரு கீறலும் விளிம்பில் ஒரு நசுங்கலும் இருந்தன. தரமிட்ட நிறுவனத்தின் பெயரை நானும் நவ்ஃபல் நானாவும் அன்றுதான் முதன்முதலாகப் படித்தோம்.

கீறலைக் காட்டினேன். புன்னகை மறைந்தது. நான் பொறாமையால் பேசுவதாகவும், இக்கடையைப் பற்றி ஊரெங்கும் சொல்லப்போவதாகவும் கூறி எழுந்தார். ஆயினும் கீறல் கீறல்தான் என்றேன். படியில் இறங்குமுன் திரும்பிப் பார்த்து அவர் கேட்டார்: “அச்சடிச்ச கடதாசியவிட ஒங்க கண்ணு பெருசா, மிஸ்?”

தொலைபேசியில் ஒரு குரல்

கம்பளையில் எழுதுவினைஞராக இருக்கும் செல்வராஜ் எங்கள் கடைக்கு நெடுநாளாக வருபவர். ஒருபுறம் யானை பொறித்த, பிரித்தானியர் ஆட்சியின் தொடக்கக் காலத்துச் செப்புக் காசுகளை மட்டுமே சேர்ப்பார். முதற் சம்பளத்தில் தொடங்கி அவர் சேர்த்தவை யாவும் வெல்வெட் பதித்த ஒரு மரத்தட்டில் அடங்கும். அதற்கு மேல் அவருக்குச் சொத்து என்று ஒன்றும் இல்லை. அவர் ஒரு நாள் வந்து, அத்தட்டு முழுவதையும் கொடுத்துவிட்டு அதே காலத்து அரிய வெள்ளி நாணயமான ரிக்ஸ் டொலர் ஒன்றை வாங்கப்போவதாகச் சொன்னபோது, நான் துடைத்துக்கொண்டிருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கீழே வைத்தேன். கொழும்பு வியாபாரி ஒருவர் அதனை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கட்டுகஸ்தோட்டையில் சேகரிப்பாளர் கூடும் மண்டபத்தில் மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. வெள்ளிக் காசு ஸ்லாப்பில் இருந்தது. தரமிட்டது, கலகெதரப் பெரியவருக்கு எழுபது வழங்கிய அதே நிறுவனம். நான் சரி என்றால் மாற்றுவதாகவும், வேண்டாம் என்றால் விடுவதாகவும் செல்வராஜ் சொன்னார்.

அன்பர்களே, இதனினும் கொடிய மரியாதை உண்டோ? அந்த வெள்ளி போலியாக இருந்து நான் சரி என்றால் அவருடைய தட்டு போயிற்று. மெய்யாக இருந்து நான் வேண்டாம் என்றால், ஆயுளில் ஒரு முறை வாய்க்கும் காசு போயிற்று. சான்று எண்ணை நிறுவனத்தின் வலைத்தளத்தில் இட்டுப் பார்த்தேன். எண் இருந்தது, காசின் படம் இல்லை. ஆராய்ந்தவர் யார், தவறினால் ஈடு உண்டா, அலுவலகம் எங்கே என்பன எவையும் இல்லை. ஒரு தொலைபேசி எண் இருந்தது. அழைத்தேன். ஒரு காசை அனுப்ப விரும்பினால் யாது செய்யவேண்டும் என்று கேட்டேன். மறுமுனையில் பேசியவர் மிக இனிமையாகக் கேட்டார்: “எந்தத் தரம் எதிர்பார்க்கிறீங்க, மிஸ்?”

பளிச்சென்ற மூன்று

கேட்ட தரத்தைக் கேட்டபடியே எழுதித் தருபவர்களோ என்று எனக்கு அச்சம் மூண்டது. நவ்ஃபல் நானா அசையவில்லை. பெயர் பெற்ற நிறுவனங்களும், இன்ன தரத்துக்குக் குறைந்தால் பெட்டியிட வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க இடம் வைக்கின்றன. ஆகவே இது குற்றத்துக்குச் சான்றாகாது என்றார். அவர் சொன்னது சரி. எனவே என் அச்சம் அப்படியே நின்றது.

மறுநாள் செல்வராஜ் மலர்ந்த முகத்தோடு வந்தார். அந்த நிறுவனத்தைத் தாமே முன்னரே சோதித்துவிட்டதாகச் சொன்னார். தட்டில் மிகப் பளிச்சென்று இருந்த யானைக் காசுகள் மூன்றைத் தேர்ந்து அனுப்பியிருந்தாராம். மூன்றும் உயர்ந்த தரத்தோடு, ‘இயல்பான மெருகு’ என்ற குறிப்போடு பெட்டியில் திரும்பியிருந்தன. அவற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பழஞ்செம்பு, சாயம் ஊறிய தேயிலையின் நிறத்தில் இருண்டிருக்க வேண்டும். இவையோ உரித்த சின்ன வெங்காயம்போல் இளஞ்சிவப்பாக இருந்தன. துலக்கினால் பழங்காசின் மதிப்புப் போய்விடும் என்பதால், நல்ல நிறுவனமாயின் துலக்கிய காசுக்கு எண் தராது. ‘துலக்கப்பட்டது’ என்று எழுதியே திருப்பும். ஆனால் பெட்டிக்கு வெளியேயிருந்து நான் எவ்வாறு உறுதி கூறுவேன்? நிறம் சற்று வேறுபடுகிறதே என்று மட்டும் தயங்கித் தயங்கிச் சொன்னேன். இரண்டு கண்களிலும் புரை படர்ந்து, நெடுநாள் தட்டைத் திறவாமலே இருந்து, அண்மையில்தான் அறுவை செய்துகொண்டவர் அவர். சிரித்துக்கொண்டே சொன்னார்: “புதுக் கண்ணு, டீச்சர். ஒலகமே பளிச்சுன்னு இருக்கு, காசு மட்டும் ஏன் அழுக்கா இருக்கணும்?”

புஷ்பராணி வந்தது

ஆராய்வதற்காக அம்மூன்று பெட்டிகளையும் என்னிடமே விட்டுச் சென்றிருந்தார். சனிக்கிழமை அவற்றை வாங்கிப்போக அவருடைய மனைவி புஷ்பராணி வந்தார். சந்தையில் வாங்கிய காய்கறிப் பையைக் கதிரைக்கடியில் வைத்துவிட்டு, பெட்டிகளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் பெருமிதம் பொங்கிற்று. இவ்வளவு பெரிய கம்பனிக்காரர்கள் மெச்சியது தம் கைவேலையை என்றார். எந்தக் கைவேலை என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

சாமி விளக்கைப் புளி இட்டு விளக்கிய ஒரு வெள்ளிக்கிழமை, பச்சை பிடித்துக் கிடந்த யானைக் காசுகள் அவர் கண்ணில் பட்டிருக்கின்றன. யானை என்றால் பிள்ளையார். பிள்ளையாரை அழுக்காக விடலாமா? மிஞ்சிய புளியை வைத்துத் தேய்த்து, திருநீற்றால் துடைத்து, திரும்பவும் தட்டில் வைத்துவிட்டார்.

புளியின் புளிப்பும் திருநீற்றின் உரசலும் பட்ட செம்பை ‘இயல்பான மெருகு’ என்று எழுதிய கண்கள்தாம் அந்த வெள்ளிக் காசையும் பார்த்தன. நான் தேடிய சான்று கிடைத்துவிட்டது. அதனைச் சொன்னால் இந்த அம்மாள் அகப்படுவார். என் முகத்தைக் கண்டு அவர் மனத்திலும் ஏதோ ஓடியிருக்க வேண்டும். பையை எடுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “அவருகிட்ட சொல்லிறாதீங்க, டீச்சர். அவருக்குக் கண்ணு தெரியாம இருந்தப்ப செஞ்சது.”

தட்டு மேசைமேல் இருந்தபோது

ஞாயிற்றுக்கிழமை நானும் நவ்ஃபல் நானாவும் பஸ்ஸில் கட்டுகஸ்தோட்டைக்குப் போனோம். மண்டபத்தில், கொழும்பு வியாபாரியின் மேசைமீது செல்வராஜின் தட்டு ஏற்கெனவே திறந்து கிடந்தது. பக்கத்தில் வெள்ளிக் காசின் பெட்டியும் அம்மூன்று பெட்டிகளும் இருந்தன. புஷ்பராணி கணவரின் பின்னால் நின்றார். வியாபாரி நல்ல உடையில், நல்ல மரியாதையோடு எனக்குக் கதிரை இழுத்துப்போட்டார்.

வெள்ளியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மெய்யாகவும் இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம், பெட்டிக்குள் இருப்பதை எடை பார்க்க இயலாது. பெட்டியை உடைத்துப் பார்க்கலாமா என்று நவ்ஃபல் நானா கேட்டார். உடைத்தால் சான்று போய்விடும் என்று வியாபாரி மறுத்தார். எந்த வியாபாரியும் மறுப்பார். எல்லாரும் என்னைப் பார்த்தனர். மாற்ற வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார் செல்வராஜ். அம்மூன்று யானைக் காசுகளும் துலக்கப்பட்டவை, அதனைக் காணத் தெரியாதவர்களின் சான்று இதற்கும் உதவாது என்றேன். யார் துலக்கியது என்பதை நான் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று பல்லைக் கடித்திருந்தேன்.

தம் தட்டை எவரும் தொட்டதில்லை என்று செல்வராஜ் கடுமையாகச் சொன்னார். டீச்சருக்கு வயதாகிவிட்டது, கண் மங்கியிருக்கும் என்று வியாபாரி பரிவோடு எடுத்துரைத்தார். செல்வராஜ் தட்டை வியாபாரியின் பக்கம் தள்ளினார். அது மேசைமேல் உரசி நகர்ந்தது.

அப்போது புஷ்பராணி முன்னால் வந்து, தட்டின் மேல் கையை வைத்து, “நான்தாங்க தேச்சேன், புளி போட்டு,” என்றார்.

செல்வராஜ் மனைவியைப் பார்த்தார். அந்த மூன்று பெட்டிகளைப் பார்த்தார். பிறகு வெகுநேரம் தம் புதுக் கண்களை மூடிக்கொண்டிருந்தார். மாற்றப்போவதில்லை என்று வியாபாரியிடம் அமைதியாகச் சொல்லிவிட்டுத் தட்டை மூடினார். வியாபாரி வெள்ளியைப் பைக்குள் வைத்து, ஒருநாள் வருந்துவீர்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். வருந்துவேனோ என்னவோ; அக்காசு மெய்யா பொய்யா என்பதை இன்றுவரை நான் அறியேன்.

வாசலில், தட்டை மார்போடு அணைத்தபடி, எத்தனை காசை அப்படித் தேய்த்தாய் என்று செல்வராஜ் மனைவியைக் கேட்டார். கேட்கும்போது அவர் உதடு வெளிறியிருந்தது. புஷ்பராணி சற்றும் தயங்காமல் விடை சொன்னார்: “மூணுதாங்க. மிச்சத்தத் தீவாளிக்கு வெளக்கலாம்னு வெச்சிருக்கேன்.”

அச்சத்துக்கும் தரமிட்டுப் பெட்டியில் ஒட்டித் தருகிறோம் என்று இதுவரை எந்த நிறுவனமும் புறப்படவில்லை என்பதே இத்தொழிலில் எனக்குக் கிட்டிய ஒரே ஆறுதல்.