பிஷியாவின் வடிகட்டியும் கருப்பட்டியின் காதும்

தாய்ச்சுங் நகரில் இரண்டாம் சந்தைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் யாங் பிஷியாவின் பட்டறை எது என்று கேட்டால் டோஃபு விற்கிறவளும் கை காட்டுவாள். கணினியிலிருந்து வரும் வெறும் எண்களைப் பாட்டாக மாற்றும் பெட்டி செய்கிறவள் பிஷியா. ஐம்பதைத் தாண்டியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏனென்று கேட்டால், "காதுக்குப் புடிச்ச குரல்ல ஒருத்தனும் பொண்ணு கேட்டு வரலை" என்பாள்.

எண்கள் பாட்டாகும்போது ஒரு தொல்லை உண்டு. பாட்டின் முதுகில் ஒட்டிக்கொண்டு ஒரு பேய்ப்பாட்டும் வந்துவிடும். நிஜப் பாட்டைக் கண்ணாடியில் தலைகீழாகப் பார்த்த மாதிரி இருக்கும் அது, மனிதக் காதுக்கு எட்டாத உச்சியில் கீச்சிடும். அதை வாசலிலேயே நிறுத்தத்தான் வடிகட்டி. கம்பிச் சுருளும் கண்டென்சருமாகக் கோத்த சின்னச் சங்கதி. ஆனால் எந்த வடிகட்டி என்று முடிவு செய்வதற்குள் ஆயுசே போய்விடும். வெடுக்கென்று அறுக்கும் ரகத்தை வைத்தால் பேய் தொலையும், ஆனால் முரசு ஓய்ந்த பிறகும் ஒரு மெல்லிய கிணுகிணுப்பு தங்கும். மெதுவாகச் சரியும் ரகத்தில் முரசு சுத்தமாக இருக்கும். பேய் கொஞ்சம் நழுவி உள்ளே வரும், ஜால்ராவின் பளபளப்பும் மங்கிப்போகும்.

காதில் விழாததைக் கேட்டுச் சொல்ல பிஷியாவிடம் ஆள் இருந்தது. அதுதான் கருப்பட்டி, நிறத்தால் பெயர் வாங்கிய தெருநாய். வடிகட்டி இல்லாமல் பாட்டுப் போட்டால் அரிசி மூட்டைக்குப் பின்னால் தலையைச் செருகிக்கொள்ளும். அரைகுறை வடிகட்டிக்கு ஒரு காதை மட்டும் நிமிர்த்தும். ஒரு மழைக்காலம் முழுக்க அவள் சுருளைச் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். இரண்டு ரகத்துக்கும் நடுவான ஒன்று அமைந்த அன்று முரசும் சுத்தமாகக் கேட்டது, நாயும் தூங்கிவிட்டது. தாளம் பிசகாமல் குறட்டை விட்டதாகச் சந்தையில் பேச்சு. ஒரே ஓரிடத்தில் பிசகியதாம். அது பாடகரின் தப்பாம்.

அந்த வடிகட்டியால்தான் அவளுக்குப் பெயர் வந்தது என்பார்கள். பெட்டியின் முகப்பில் அவள் பெயர் சிவப்பு முத்திரையாக நின்றது. மூடி போட்டு, முத்திரை குத்தி, விற்று வருவதெல்லாம் கோ யுங்தேயின் வேலை. தோழியின் தம்பி அவன். தன் தம்பியாகவே நினைத்துத் தன் முத்திரைக் கட்டையையே அவனிடம் கொடுத்திருந்தாள். முத்திரையைக் கொடுப்பதும் தலையைக் கொடுப்பதும் ஒன்றுதான்.

ஒருநாள் அவன் மெல்ல ஆரம்பித்தான். "அக்கா, இப்பல்லாம் ஃபில்டரே வேணாங்கறாங்க. அது இல்லாட்டித்தான் பாட்டு காத்தோட்டமா இருக்காம்."

"காத்தோட்டம் வேணும்னா ஃபேன் வாங்கிக்கச் சொல்லு."

அவன் சிரித்துவிட்டுப் போனான். வாங்கியவர்கள் போன் போட்டுப் புகழ்ந்துகொண்டே இருந்தார்கள். அவளும் பூரித்துப்போய்த் தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

இசைப் பித்துப் பிடித்தவர்கள் தேநீர்க்கடை மாடியில் கூடிப் பெட்டிகளைக் கேட்கும் நாள் வந்தது. முதல் தடவையாக பிஷியாவும் போனாள், கருப்பட்டியோடு.

வாசலிலேயே யுங்தே மறித்தான். "நாய எதுக்குக்கா கூட்டிட்டு வந்த? பெரிய மனுஷங்க வர்ற எடம்."

"என் பொட்டி பாடுனா அது தூங்கிரும்டா. நீ ஏன் வேர்த்துக் கொட்டுற?"

பெட்டி பாடத் தொடங்கியது. கருப்பட்டி எகிறிக் குதித்தது. ஊலோங் தேநீர்த் தட்டைக் கவிழ்த்து, பல் டாக்டர் லுவோவின் மடியேறி, மூன்று படிக்கு ஒரு படி மிதித்துத் தெருவுக்கே ஓடிவிட்டது.

பிஷியா பையிலிருந்து திருப்புளியை எடுத்து, பாடிக்கொண்டிருந்த பெட்டியின் மூடியைக் கழற்றினாள். வடிகட்டி இருக்க வேண்டிய இடம் காலி. குறுக்கே ஒரு வெறும் கம்பி.

"இது என்னடா?"

யுங்தே தரையைப் பார்த்தான். "எல்லாப் பொட்டியும் இப்படித்தான்க்கா. மொதல்ல இருந்தே."

"நான் சுத்துன சுருளு?"

"வீட்ல இருக்கு. தூக்கிப் போட மனசு வரல."

"அப்ப போன் போட்டு என்னைப் புகழ்ந்தாங்களே..."

"இதைத்தான் புகழ்ந்தாங்க."

டாக்டர் லுவோ கால்சட்டையில் சிந்திய தேநீரைத் துடைத்தபடியே, "சண்டைய அப்புறம் வெச்சுக்கங்கம்மா. பாட்டு நல்லாத்தானே இருக்கு? ஜால்ரா என்னமா மின்னுது!" என்றார். ஆமாம் ஆமாம் என்றார்கள் மற்றவர்கள். அறையிலும் ஜால்ராவுக்குக் குறைவில்லை.

பிஷியா குனிந்து கேட்டாள். மின்னத்தான் செய்தது. அவள் காதும் கட்சி மாறிவிட்டது.

"நான் பெருமையா தலையாட்டினப்பல்லாம் உனக்குச் சிரிப்பு வந்திருக்குமே?"

"சிரிப்பா? வயிறு எரிஞ்சுதுக்கா. அவங்க ரசிச்சது என் வேலைய. பேரு மட்டும் உனக்கு."

பிஷியா திருப்புளியால் முகப்பிலிருந்த தன் பெயரை, வெள்ளைத் தகடு தெரியும்வரை சுரண்டினாள். யாரோ "ஐயோ!" என்றார்கள். பெட்டிக்காகத்தான்.

"உன் பேரையே குத்திக்க" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள். பின்னாலிருந்து யாரும் கூப்பிடவில்லை. டாக்டர் லுவோ கையை நீட்டி ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.