பந்தலுக்குக் கீழே வெயில்

சுருளிப்பட்டிப் பக்கம் எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப் பேருக்குத் திராட்சைத் தோட்டத்தில்தான் கூலி வேலை. என் அண்ணன் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், அவர்களுக்கு முன்னால் நிற்கிற ஆள். கொத்து வெட்ட ஆள் வேண்டுமென்றால் தோட்டக்காரர் அவரிடம்தான் சொல்லி அனுப்புவார். நான் கம்பத்தில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் இருக்கிறேன். மழை காலம் தவறிப் பெய்கிறது, வெயில் வருஷத்துக்கு வருஷம் ஏறுகிறது. இதற்குள் கூலி ஜனங்கள் உடம்பைக் காப்பாற்றிக்கொண்டு பிழைக்க என்ன வழி என்று ஊர் ஊராகப் போய்ப் பேசுவது என் வேலை.

திராட்சைக்கொடிப் பந்தலுக்குக் கீழே நிழல்தானே என்று வெளியாட்கள் கேட்பார்கள். நிழல்தான். ஆனால் தலை இடிக்கிற உயரத்தில் இலை மூடிக் கிடக்கும், காற்று நுழையாது. பாய்ச்சிய தண்ணீர் ஆவியாகக் கிளம்பும், கூடவே மருந்து வாடையும். அண்ணாந்த கழுத்தோடு, தூக்கிய கையோடு கொத்து வெட்ட வேண்டும். சில கோடைகளாகப் பெண்கள் மயங்கி விழுவது சாதாரணமாகிவிட்டது. முகத்தில் தண்ணீர் தெளித்து, ஒரு சோடாவை வாங்கிக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் வேலையைப் பார்ப்பார்கள்.

விடிந்ததும் இறங்கி, வெயில் உச்சிக்கு வருமுன் வெளியே வந்துவிட வேண்டும் என்று சர்ச் வளாகத்தில் கூட்டம் போட்டுப் பேசினோம். அதைத் தோட்டக்காரரிடம் கொண்டுபோனது மதினிதான்.

"அண்ணே, வெள்ளன வந்துருவோம். வெயிலு ஏறுனா பந்தல்ல நிக்க முடியல."

"எனக்கு என்னத்தா, தாராளமா வாங்க. வியாபாரிகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார் அவர். அவரும் சின்ன விவசாயிதான், நல்ல மனிதர். அந்த வெட்டு முழுக்க அப்படியே நடந்தது. யாரும் விழவில்லை.

அடுத்த வெட்டுக்கு முந்தின ராத்திரி, யாரும் எதிர்பாராத மழை கொட்டியது. காலையில் நான் தோட்டத்துக்குப் போனபோது பெண்கள் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஈரக் கொத்தைப் பெட்டியில் அடைத்தால் கேரளாவுக்குப் போய்ச் சேருமுன் அழுகிவிடும், வியாபாரி எடுக்க மாட்டார். வெயில் ஏறிக் கொத்து காய்ந்த பிறகுதான் வெட்ட வேண்டும்.

"இன்னைக்கு ஒரு நாளு மட்டும் பொறுத்துக்கங்க, தாயி. நாளைக்கு வச்சா பழமெல்லாம் வெடிச்சுப் போகும்" என்று தோட்டக்காரர் கெஞ்சினார்.

"வேணாம் மதினி" என்றேன்.

"அவுகளும்தான் என்ன செய்வாக? இன்னைக்கு வெட்டலைன்னா நாளப்பின்ன நம்மள யாரு கூப்புடுவா?" என்று சொல்லிவிட்டு மதினி எழுந்தார்.

மழை விட்ட பிறகு வருகிற வெயில் ஒரு தனி வெயில். பந்தலுக்குள் இட்லிச் சட்டிக்குள் நிற்பது போல இருந்தது. நானும் ஒரு கத்தரியை வாங்கிக்கொண்டு மதினிக்குப் பக்கத்து வரிசையில் நின்றேன். வெட்டிக்கொண்டே இருந்தவர் திடீரென்று கேட்டார்: "ஏத்தா, பயலுக்குச் சோறு வச்சியா? பள்ளிக்கூடம் விட்டு வந்துருப்பான்."

அவர் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய் வருஷங்களாகிவிட்டன. கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் மறுபடியும் அதையே கேட்டார். கையைத் தொட்டேன். வேர்வையே இல்லாமல் அடுப்புக் கல் மாதிரிச் சுட்டது. நான் கத்துவதற்குள் சரிந்து விழுந்தார்.

மோட்டார் ரூம் நிழலுக்குத் தூக்கிப்போய்க் குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் விட்டோம். ஆம்புலன்சில் கம்பத்துக்குப் போய், அங்கிருந்து தேனிக்குக் கிளம்பினோம். உத்தமபாளையம் தாண்டும்போது வலிப்பு வந்தது. நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று.

கல்லறையில் தோட்டக்காரர் தள்ளியே நின்றார். எல்லோரும் கலைந்த பிறகு என்னிடம் வந்து, நான் கேட்காமலேயே சொன்னார்: "லோடு அன்னைக்கே போயிருச்சு, தாயி. வியாபாரி ஏத்திட்டாக. நான் பாக்கக்கூட இல்ல."

அண்ணன் இன்றுவரை வெயில் என்று ஒப்புக்கொள்ளவில்லை. "வெயில் அடிச்சா ஆளு செத்துப்போவாகளா? நாம என்ன ஊட்டியிலயா பொறந்தோம்? அவளுக்குப் பிரஷர் இருந்துச்சு" என்பார். ஊரும் அதையேதான் சொன்னது. பிரஷர் இருந்தது உண்மை. அதற்கு மேல் நான் அவரோடு வாதாடுவதில்லை.

அதன்பிறகு, மழை பெய்த மறுநாள் வெட்டுக்குப் போவதில்லை என்று பெண்கள் முடிவு செய்தார்கள். தோட்டக்காரர் வேறு ஊரிலிருந்து வேனில் ஆள் கொண்டுவந்தார். எங்கள் பெண்கள் வீட்டில் கிடந்தார்கள். அடுத்த கூட்டத்தில் ஒருத்தி எழுந்து என்னைக் கேட்டாள்: "நீ ஆபீசுக்குப் போயிருவ. நாங்க எங்கன போறது?"

அடுத்த வெட்டுக்கு அவர்கள் திரும்பவும் பந்தலுக்குப் போனார்கள், தோட்டக்காரர் சொன்ன நேரத்துக்கு.

ஒன்றை மட்டும் அவர்களாகவே மாற்றிக்கொண்டார்கள். இப்போது யாரும் தனி வரிசையில் நிற்பதில்லை. இரண்டு இரண்டு பேராக நின்று, வாய் ஓயாமல் ஒருத்தியோடு ஒருத்தி பேசிக்கொண்டே வெட்டுகிறார்கள். பேச்சு நின்றாலோ தடுமாறினாலோ கையைப் பிடித்து வெளியே இழுத்துவிடுகிறார்கள். இந்தக் கோடையில் ஒருத்தியை அப்படி இழுத்துப் போட்டார்கள். ஈரச் சேலையைச் சுற்றி விசிறியதில் பிழைத்துக்கொண்டாள். மறுநாள் நான் பார்க்கப் போனபோது வீடு பூட்டியிருந்தது. வேலைக்குப் போய்விட்டாள் என்றார்கள்.