மூன்று தட்டு

இதில் வரும் நேரங்களில் ஒன்றுகூடக் கற்பனை இல்லை. மாலை வகுப்பில் என் பக்கத்து நாற்காலிக்காரி டோரீன் தன் நோட்டில் குறித்துவைத்தவை. அந்த நோட்டை இரண்டு முறை வாங்கிச் சரிபார்த்தேன். எங்காவது ஒரு நிமிடம் தப்பியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தப்பவில்லை.

டோரீனுக்கு ஜோகுபாளையத்தில் ஒரு மாடி அறை. சுவரெல்லாம் கம்பளி அடித்து, துணி அலமாரிக்குள் மைக்கை நிறுத்தி, தன்னந்தனியாக ஓர் ஆல்பம் செய்துகொண்டிருந்தாள். எட்டுப் பாட்டு. வரி, மெட்டு, கிடார், மிக்ஸிங் எல்லாம் அவளே. அக்டோபர் எட்டு, புதன் இரவு பன்னிரண்டுக்குள் எட்டையும் இணையத்தில் ஏற்றிவிட வேண்டும். வெளியாகும் தேதியை ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று. கடைசிப் பாட்டுக்குக் குரல் மட்டும் பாக்கி. மெல்லிய பாட்டு. ஆனால் எப்போது பாடினாலும் தரைக்குக் கீழிருந்து ஒரு சத்தம் மைக்கில் ஏறிவிடும்.

புஸ்ஸ்... டக். புஸ்ஸ்... டக்.

கீழ்வீட்டு லாயிட் அங்கிளின் ஆக்ஸிஜன் மெஷின் அது. நுரையீரல் கெட்டுப்போன மனிதரிடம் அதை நிறுத்துங்கள் என்று எப்படிக் கேட்பது? தயங்கித் தயங்கி அவள் விஷயத்தைச் சொன்னபோது அவர் சிரித்தார்.

"மேல நீ பாடற, கீழ நான் தாளம் போடறேன். ஆல்பத்துல என் பேரும் போடுவியா பாப்பா?"

"ஐயோ அங்கிள்..."

"பாத்ரூம் போறப்ப கழட்டிட்டுதானே போறேன்? பத்து நிமிஷம் ஒண்ணும் ஆகாது. தரையில மூணு தட்டு தட்டு, ஆஃப் பண்றேன். முடிஞ்சதும் ரெண்டு தட்டு."

"டாக்டர் காதுல விழுந்தா உங்கள செருப்பாலயே அடிப்பாரு" என்றார் அவர் மனைவி பெர்னதெத் ஆன்ட்டி. ஆனாலும் தடுக்கவில்லை.

ஒரு வாரம் அப்படியே நடந்தது. மூன்று தட்டு. கீழே செருப்பு இழுபடும், ஓர் இருமல், பிறகு 'க்ளிக்'. மெஷின் நிற்கும். டோரீன் பத்து நிமிடத்தைத் தாண்டியதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்திபெலேயில் அக்கா வீட்டுக்குப் போனவள் திங்கள் காலைதான் திரும்பினாள்.

அன்று மதியம் தட்டினாள். மூன்றாவது தட்டு முழுதாக விழும் முன்பே சத்தம் நின்றது. செருப்பு இல்லை. இருமல் இல்லை. 'நமக்காகவே காத்திருக்கிறார் போல' என்று நோட்டில் எழுதினாள்.

செவ்வாய், காலை 11:15. கரன்ட் போனது. ஃபேன் நின்றது. ஃபிரிட்ஜ் நின்றது. தெருவே அடங்கியது.

புஸ்ஸ்... டக். புஸ்ஸ்... டக்.

'யு.பி.எஸ். வாங்கிவிட்டார்களா?' என்று எழுதிவைத்தாள். கீழே போய்க் கேட்க நினைத்தாள். போகவில்லை. பாட்டு சரியாக வரவில்லை என்ற கவலையிலேயே பொழுது போய்விட்டது.

புதன், மதியம் 2:40. மூன்று தட்டு.

சத்தம் நின்றது.

முதல் டேக் சரியில்லை. இரண்டாவதில் கடைசி வரி பிசகியது. இன்னொன்று. இன்னும் ஒன்றே ஒன்று. ஆறாவது டேக்... அதுதான். அவள் தேடிய குரல் அதுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபோனைப் பார்த்தாள்.

3:06.

இருபத்தாறு நிமிடம்!

இரண்டு தட்டு தட்டினாள். கீழே சத்தமில்லை. மறுபடி தட்டினாள்.

ஒன்றுமில்லை...

பின்பக்கப் படிகளில் இறங்கி, மூன்று நாளாக எட்டிப் பார்க்காத முன்வாசலுக்கு ஓடினாள். கீழ்வீட்டுக் கதவில் பூட்டு. வெளிப்பூட்டு.

கொண்டியில் பால் பை. மூன்று பாக்கெட். ஒன்று உப்பியிருந்தது.

ஜன்னல் வழியே பார்த்தாள். ஹால் மூலையில் மெஷின். அதன் ஒயர் சுருட்டிக் கட்டப்பட்டு, மேலே வைக்கப்பட்டிருந்தது.

ஆன்ட்டிக்கு ஃபோன் போட்டாள்.

"ஆஸ்பத்திரில இருக்கோம் பாப்பா. ஞாயித்துக்கெழம ராத்திரியே வந்துட்டோம்... இப்பதான், அஞ்சு நிமிஷம் ஆவல... போயிட்டாரு."

அன்றிரவு டோரீன் அழுதாள். 11:52-க்கு அந்த ஆறாவது டேக்கை ஏற்றினாள். அங்கிளுக்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பதினேழாம் தேதி ஆல்பம் வெளியானது. எல்லோருக்கும் கடைசிப் பாட்டுதான் பிடித்தது. 'என்ன ஒரு நிசப்தம்' என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

அதற்கு அடுத்த ஞாயிறு ஆன்ட்டியைப் பார்க்கப் போனாள்.  ஆன்ட்டி தானாகச் சொன்னார்.

"அன்னிக்கு நல்லாத்தான் இருந்தாரு. ரெண்டே முக்கா இருக்கும். மாஸ்க்க அவரே கழட்டிட்டாரு. நர்ஸ் மாட்ட மாட்ட, தள்ளித் தள்ளி விடறாரு. வாயில விரல வெச்சி, 'உஷ்... மேல பாப்பா பாடுது'ன்னாரு. ஆஸ்பத்திரில நாங்க இருந்ததே கடைசி மாடி. மேல மொட்ட மாடிதான்."

ஆன்ட்டி அவள் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"அந்தப் பாட்டு எவ்ளோ நேரம் பாப்பா?"

"மூணு நிமிஷம்... நாப்பது செகண்டு ஆன்ட்டி."

ஆன்ட்டி அவளையே பார்த்தார்.

"அவ்ளோதானா?"