மே/பா இல்லாத முகவரி

ஏழாம் வகுப்போடு அபிராமத்தை விட்டுக் கிளம்பியவன் நான். அதன்பிறகு எனக்கு வந்த கடிதங்கள் எல்லாம் இன்னொருவர் பெயரைத் தாண்டித்தான் வந்தன. ஐஸ் கம்பெனி, லாட்ஜ், தனுஷ்கோடியில் சங்கு விற்ற கடை என்று எங்கே வேலை பார்த்தாலும் என் பெயருக்குக் கீழே 'மே/பா' என்று போட்டு முதலாளியின் பெயரை எழுதுவேன். ஊர்விட்டு ஊர் போய்ப் பிழைப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அதில் ஒரு குறை இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

கடலோரமாக நடந்து திரிந்ததைக் கைபேசியில் எழுதி, நானே புத்தகமாக்கி, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் தளத்தில் ஏற்றினேன். அமெரிக்காவில் இருக்கும் தமிழர்கள் சிலர் வாங்கினார்கள். ராயல்டி வந்தபோது முப்பது சதவீதம் அந்த நாட்டு வரியாகப் போயிருந்தது. ஏற்றும்போது கேட்ட வரிப் படிவத்தை நான் ஏனோதானோவென்று நிரப்பியிருந்தேன்.

தங்கச்சிமடத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் பெண்ணிடம் போனேன். மீன்பிடிக் குடும்பத்துப் பெண். அந்தப் பக்கத்து விண்ணப்பங்கள் எல்லாம் அவள் கையால்தான் போகும். படிவத்தைத் திறந்து பார்த்தாள்.

"பான் நம்பர் கேட்ட எடத்தக் காலியா விட்டிருக்கீகளேண்ணே. நம்ம நாட்டுக்கும் அவங்களுக்கும் ஒப்பந்தம் இருக்கு. ஒழுங்கா எழுதியிருந்தா பதினஞ்சுதான் பிடிச்சிருப்பான். அதையும் இங்கன வரி கட்டுறப்ப காட்டிக் கழிச்சுக்கலாம்."

பிறகு நிரந்தர முகவரி என்ற இடத்தைப் படித்துவிட்டுச் சிரித்தாள். அந்த நாட்களில் பாம்பனில் ஒரு டீக்கடையின் பின்கட்டில் தங்கியிருந்தேன். கடைக்காரர் பெயரைப் போட்டு, மே/பா என்று எழுதியிருந்தேன்.

"மே/பா போடக் கூடாதுன்னு பக்கத்துலயே எழுதியிருக்கான். நீங்க குடியிருக்கிற வீடு வேணும். வாடகை வீடா இருந்தாலும் சரி."

"அந்தக் கடைலதான் இருக்கேன்."

"அது டீக்கடைக்காரரு அட்ரஸு. உங்க அட்ரஸு எது?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அபிராமத்து வீட்டில் என் தம்பி இருக்கிறான். அய்யா இறந்த பிறகு என் பங்கு வேண்டாமென்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது. பேச்சும் அவ்வளவாகக் கிடையாது. அவனுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லி, வீட்டு முகவரியைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். பேச்சோடு பேச்சாக, "வேணும்னா அங்கனயே வந்து இருந்துக்கிறேன்லே" என்றும் சொல்லிவிட்டேன். அதைச் சொல்வதற்காக நான் போன் செய்யவில்லை.



"வெளிநாட்டுக் காயிதத்துல நம்ம வீடு எதுக்குண்ணே? நாளப்பின்ன பிள்ளைகளுக்கு ஏதும் வில்லங்கம் வந்துரப் போகுது."

"வரிப் படிவம்லே. பத்திரம் இல்ல."

"வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்."

ஒரு வாரம் பார்த்தேன். போன் வரவில்லை. நான் இரண்டு கேட்டிருந்தேன். இரண்டுக்கும் சேர்த்து அதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

பாம்பனிலேயே ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தேன். ஒரு வீட்டோடு ஒட்டிக் கட்டிய ஆஸ்பெஸ்டாஸ் கூரை அறை. தனிக் கதவு, நிலையில் பெயிண்டால் எழுதிய தனிக் கதவு எண். வரியில் மிச்சமாவதைவிட வாடகை பல மடங்கு அதிகம்.

"வரிய மிச்சம் பிடிக்க வீடு எடுத்த ஆளு நீங்க ஒருத்தர்தாண்ணே" என்றாள் சென்டர்காரி. பான் எண்ணையும் புது முகவரியையும் ஏற்றினாள். எழுதியதெல்லாம் உண்மை என்று கடைசியில் உறுதி கொடுக்க வேண்டும். கொடுத்தேன். பிடித்த வரிக்கு வருடா வருடம் சான்று தருவார்களாம். இணையத்தில் பார்த்துக்கொண்டால் போதுமா, தபாலில் வேண்டுமா என்று கேட்டாள். தபாலில் என்றேன்.

அடுத்த ராயல்டியில் பதினைந்துதான் பிடித்தார்கள். காரியம் அத்தோடு முடிந்தது. ஆனால் அறையைக் காலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. அதுவரை எந்தப் பூட்டுக்கும் என்னிடம் சாவி இருந்ததில்லை. வெளியே போய்விட்டு வந்து கதவைத் திறக்கும்போதெல்லாம் தபால் கிடக்கிறதா என்று முதலில் தரையைப் பார்ப்பேன். காற்றில் வந்த மணல்தான் கிடக்கும்.

பல மாதம் கழித்து ஒருநாள் டீ குடிக்கப் போனபோது கடைக்காரர் ஓர் உறையை நீட்டினார். வெளிநாட்டுத் தபால். என் பெயர், அதற்குக் கீழே நேராக என் கதவு எண். நடுவில் யார் பெயரும் இல்லை.

சாயங்காலம் தபால்காரரைப் பார்த்துக் கேட்டேன். "உங்க பேருக்கு எப்பவும் அங்கனதானண்ணே குடுக்குறது. நம்பரையெல்லாம் யாரு பாக்கா?" என்றார்.

உறையைப் பிரிக்காமல் அறைக்கு எடுத்துப் போனேன். பூட்டைத் திறக்குமுன் கதவுக்கு அடியில் அதைத் தள்ளிவிட்டேன். பிறகு திறந்து உள்ளே போய், தரையில் கிடந்ததை எடுத்துப் படித்தேன்.