போர் வண்டிச் சத்தத்தில் தூங்கியவன்

காலை ஆறு இருபது. சேலம் புதிய பேருந்து நிலையத்துப் புத்தகக் கடையில் முதலில் கண்ணில் பட்டது, கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கிய மாத நாவல். அட்டையில் ஒரு கைக்கடிகாரம், கண்ணாடியில் விரிசல். இரண்டு பிரதி வாங்கினேன். ஒன்றைத் திருச்செங்கோடு பஸ் கண்டக்டரிடம் கொடுத்தேன். அங்கே என் அக்கா வந்து வாங்கிக்கொள்வாள்.

நான் இருபத்திரண்டு வருடமாகப் போலீஸ் செய்தி எழுதுகிறவன். அக்கா பத்தாவதோடு நின்றவள். போர்வெல் வண்டிக்காரரின் மனைவி. துப்பறியும் கதைகளில் எங்களுக்குப் பிடித்த எழுத்தாளர்கள் இரண்டு பேர். ஒருவர் கொலைகாரனை நல்ல மனிதர்களின் நடுவே உட்காரவைப்பார். இன்னொருவர் மணிக்கணக்கு பார்ப்பவர். யார் எந்த நிமிடம் எங்கே இருந்தார் என்பதுதான் அவர் கதை. அக்காவுக்கு இரண்டாமவர் மேல் தனி மதிப்பு.

அவள் படிப்பதற்கு ஒரு முறை உண்டு. புத்தகம் கைக்கு வந்ததும் கடைசிப் பதினாறு பக்கங்களைச் சேர்த்து ஊக்கு குத்திவிடுவாள். மீதியைப் படித்து, கொலைகாரன் யார் என்று எனக்குப் போனில் சொன்ன பிறகுதான் ஊக்கைக் கழற்றுவாள். நானும் சொல்ல வேண்டும். எனக்குப் பாதிதான் சரியாக வரும். அதுவரை அவள் தவறி நான் பார்த்ததில்லை. எப்படி என்று கேட்டிருக்கிறேன்.

“நீ போலீஸ்காரங்க சொல்றத நம்பற சாமி. நான் சோறு, தூக்கம், தண்ணி, இதுல எவன் பொய் சொல்றான்னு பாப்பேன்.”

அன்று வாங்கியது மணிக்கணக்கு எழுத்தாளரின் நாவல். ஈரோட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பிற்பகல் மூன்று மணிக்குக் கொல்லப்படுகிறார். பக்கத்து மனையில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்ததால் அலறல் யாருக்கும் கேட்கவில்லை. மாடியில் இருந்த அவருடைய தம்பி மகன், இரண்டிலிருந்து நான்குவரை தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொல்கிறான்.

“தம்பி மகன்தான். சந்தேகமே இல்ல,” என்றாள் அக்கா. நான், ஆசிரியைக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் என்றேன். ஊக்கைக் கழற்றினாள். டாக்டர்தான். தம்பி மகன் உண்மையிலேயே தூங்கியிருந்தான்.

போனில் மாமாவின் குரல் கேட்டது. முப்பது வருடம் போர் போடும் ரிக் அருகே நின்றதில் அவருக்குக் காது பாதிதான் கேட்கும். பேச்சு கத்தலாகத்தான் வரும்.

“ஏனுங்க மாப்ள, உங்கக்கா ஆயிரம் அடி ஓட்டியும் புகைதான் வந்துச்சு, தண்ணியக் காணோம்!”

“நீங்களே சொல்லுங்க,” என்று அக்கா அவர் பக்கம் திரும்புவது தெரிந்தது. “உங்க வண்டி ஓடறப்ப பக்கத்து ஊட்டுல எவனாச்சும் தூங்கி எந்திரிச்சிருக்கறானா?”

“செத்தவன் வேணா தூங்குவான்,” என்றார் மாமா.

எழுத்தாளருக்கு நான் எழுதுகிறேன் என்றேன்.

“நீ எழுதுனா செய்தியாட்ட இருக்கும். நானே எழுதறேன்.” பிறகு அவள் குரல் தாழ்ந்தது. “அவரு ஒத்துக்கலீன்னா இனி ஊக்கு குத்தறதில்ல சாமி. கடைசிப் பக்கத்தையே மொதல்ல படிச்சுக்கறேன்.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அனுப்புமுன் கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டினாள். எட்டு வரி. கம்ப்ரசர் சத்தம் எத்தனை தெருவுக்குக் கேட்கும், ஜன்னல் கண்ணாடி எப்படி அதிரும், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் அன்று ஏன் உறவினர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அலறலை மூடுகிற சத்தம் தூக்கத்தை விட்டுவைக்குமா என்பது கடைசி வரி. என் மேசைக்கு வந்திருந்தால் அதில் ஒரு சொல்லைக்கூட வெட்டியிருக்க மாட்டேன்.

இரண்டு மாதம் பதில் இல்லை. அந்த இரண்டு மாத நாவல்களையும் அக்கா படிக்காமல் வைத்திருந்தாள்.

மூன்றாம் மாதம் எழுத்தாளரிடமிருந்து தபால் கார்டு வந்தது. தவறு தன்னுடையது என்று எழுதியிருந்தார். போர் வண்டியைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. புத்தகமாக வரும்போது அந்த இடத்தை மாற்றிவிடுவதாகவும் இருந்தது. தன் கதையின்படியே தம்பி மகனைத்தான் பிடித்திருக்க வேண்டுமாம்.

என் பெயர் போட்டு வந்த முதல் செய்தியைக்கூட நான் இத்தனை பேரிடம் காட்டியதில்லை. அக்கா போனில் அனுப்பிய கார்டின் படத்தை அன்று அலுவலகத்தில் அச்சுப் பிரிவுவரை கொண்டுபோனேன்.

அக்கா கார்டை பீரோவில் வைத்துப் பூட்டினாள். மாமா சாவியைக் கேட்டு வாங்கி, அதை ஜெராக்ஸ் எடுத்து, ரிக் லாரியின் முன்கண்ணாடி ஓரம் உள்பக்கமாக ஒட்டினார். மறுநாள் காலை வண்டி போர் போட சத்தீஸ்கருக்குப் புறப்பட்டது.